லிமிட் போக்கரில் எதிராளியின் கையை எண்ணிப் பார்த்தல்

லிமிட் போக்கரில் பந்தயத்தின் அளவு முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. 2–4 என்று வைத்துக்கொண்ட ஆட்டத்தில் முதல் இரண்டு சுற்றுகளில் யார் வைத்தாலும் உயர்த்தினாலும் ஒரு முறைக்கு 2, பின்னிரண்டு சுற்றுகளில் 4. அந்த அளவைக் கூட்டவும் இயலாது, குறைக்கவும் இயலாது. ஆகவே வரம்பில்லாத ஆட்டத்தில் தொகையின் பருமன் சொல்லிவிடும் செய்தி இங்கே கிடைப்பதில்லை. எந்த இருக்கையிலிருந்து, எந்தச் சுற்றில், எதிராளி எத்தனை முறை ரெய்ஸ் செய்தார் (பந்தயத்தை உயர்த்தினார்), எங்கே வெறுமனே கால் செய்தார் (சமமாக மட்டும் வைத்தார்) என்பவையே நம் கைக்கு எஞ்சும் தடயங்கள். இத்தனை குறைந்த தடயங்களை வைத்துக்கொண்டு "அவரிடம் ஏஸும் ராஜாவும்தான் இருக்கின்றன" என்று ஒரே கையை (அவர் வைத்திருக்கும் சீட்டுகளை)க் குறிப்பிட்டுச் சொல்ல முற்படுவதைவிட, இருக்கக்கூடிய கைகள் அனைத்தையும் எண்ணி, சுற்றுக்குச் சுற்று கழித்துக்கொண்டே வருவதுதான் சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

குலசேகரம் பக்கம் மழையால் ரப்பர் பால்வெட்டு நின்றுபோகும் நாட்களில் நாங்கள் சிலர் ஒரு நண்பரின் வீட்டுத் திண்ணையில் கூடி, பணம் வைக்காமல் புளியங்கொட்டைகளை வைத்து ஹோல்டெம் என்ற போக்கர் வகையை ஆடுகிறோம். எங்களில் பெரும்பாலோர் 28 என்ற சீட்டாட்டம் ஆடிப் பழகியவர்கள். 28-இல் சீட்டுகள் 32 மட்டுமே. ஒவ்வொரு பிடியிலும் விழும் சீட்டுகள் எல்லோர் கண்ணிலும் படுவதால், நினைவாற்றல் உள்ளவர் மீதமுள்ளவை எவை, யாரிடம் எந்த இனம் தீர்ந்துவிட்டது என்பதை ஏறக்குறைய அறிந்துவிடுவார். ஹோல்டெமில் அந்த நினைவாற்றலுக்குத் தீனி குறைவு. ஒவ்வொருவர் கையிலும் மறைவாக இரண்டு சீட்டுகள்; பொதுவில் விரிபவை ஐந்து சீட்டுகளே. ஃபோல்டு செய்து விலகியவர்களின் சீட்டுகள் கவிழ்ந்தபடியே போய்விடுகின்றன. நினைவு செய்த வேலையை எண்ணிக்கை செய்ய வேண்டியிருக்கிறது.

அந்த எண்ணிக்கை கடினமானதன்று. 52 சீட்டுகளிலிருந்து இரண்டை எடுக்க 1,326 வழிகள் உண்டு. குறிப்பிட்ட ஒரு ஜோடி, எடுத்துக்காட்டாக இரண்டு ஏஸ், அமைய 6 வழிகள். ஏஸும் ராஜாவும் போன்ற வெவ்வேறு சீட்டுகள் இரண்டு அமைய 16 வழிகள். என் கையிலோ பொதுவிலோ ஒரு ஏஸ் தென்பட்டால் இரண்டு ஏஸ் அமையும் வழிகள் 6-லிருந்து 3 ஆகவும், ஏஸ்-ராஜா அமையும் வழிகள் 16-லிருந்து 12 ஆகவும் குறைகின்றன. நான் பார்க்கும் ஒவ்வொரு சீட்டும் எதிராளியின் கையிலிருந்து சில வாய்ப்புகளைப் பறிக்கிறது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

என்னிடம் ஸ்பேடும் ஆர்ட்டினுமாக இரண்டு ராணிகள் இருப்பதாகக் கொள்வோம். நான் 4 ஆக உயர்த்துகிறேன். தக்கலையிலிருந்து வரும் ஓர் அண்ணன் 6 ஆக்குகிறார். பிளைண்ட் (சீட்டுப் பார்க்குமுன் கட்டாயமாக வைக்கும் பந்தயம்) வைத்த இருவரும் விலக, நான் கால் செய்கிறேன். அவர்கள் விட்டுச்சென்ற 3-ஐயும் சேர்த்துப் பாட் எனப்படும் பந்தயக் குவியலில் 15 கொட்டைகள். இந்த அண்ணன் நிதானமானவர். ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி ஆகியவற்றின் ஜோடிகளுக்கும் ஏஸ்-ராஜாவுக்கும் மட்டுமே இப்படி மறுபடி உயர்த்துவார். ஃப்ளாப்பில், அதாவது முதலில் விரியும் மூன்று பொதுச் சீட்டுகளாக, டைமண்ட் ராஜா, கிளாவர் 7, ஸ்பேட் 2 விழுகின்றன. இப்போது எண்ணினால், என்னை வெல்பவை இரண்டு ஏஸ் 6, இரண்டு ராஜா 3, ஏஸ்-ராஜா 12, ஆக 21 வழிகள். நான் வெல்வது ஜாக்கி ஜோடியின் 6 வழிகளை மட்டும். மீதி இரண்டு ராணிகளும் அவரிடம் இருந்தால் சமன், அது 1 வழி. அவர் 2 வைக்கிறார். பாட்டில் 17 இருக்க, 2 கொடுத்து ஒரு சீட்டைப் பார்ப்பது தவறில்லை. டர்னில் (நான்காம் பொதுச் சீட்டாக) ஆர்ட்டின் 4 விழுந்து, அவர் மீண்டும் 4 வைத்தால் நிலைமை மாறுகிறது. ராஜா வெளியே கிடக்கும்போது ஜாக்கி ஜோடியை வைத்துக்கொண்டு இரண்டாம் முறை பந்தயம் வைக்கும் இயல்பு அவருக்கு இல்லை. அந்த 6 வழிகளில் பெரும்பாலானவற்றைக் கழித்துவிடலாம். நான் ராணிகளை மடித்து வைத்துவிடுவேன்.

இதே சீட்டுகள், இதே பந்தயங்கள், ஆனால் எதிரில் அமர்ந்திருப்பவர் ஓயாமல் ரெய்ஸ் செய்யும் இன்னொரு நண்பர் என்றால் விடை வேறு. அவர் 10 ஜோடிக்கும் ஏஸ்-ராணிக்கும்கூட உயர்த்துவார். டர்னிலும் விடாமல் வைப்பார். 10 ஜோடிக்கு 6 வழிகள். இரண்டு ராணிகள் என்னிடமே இருப்பதால் ஏஸ்-ராணிக்கு 8 வழிகள். என்னை வெல்பவை அதே 21. நான் வெல்பவை 20 ஆகிவிட்டன. இவரிடம் கடைசி வரை கால் செய்வேன்.

2015-ஆம் ஆண்டு கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'செஃபியஸ்' என்ற கணினி நிரலின் வழியாக, இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெம் ஏறத்தாழ முழுமையாகத் தீர்க்கப்பட்டுவிட்டதாக அறிவித்தனர். எதிராளியின் முகத்தைப் பார்க்காமலேயே அந்த உயரத்தை எட்ட முடிந்தது என்பதே எனக்கு அதில் முக்கியமாகப் படுகிறது.

கழித்தலில் ஓர் ஒழுங்கு வேண்டும்: முன்பு கழித்ததைப் பின்பு அச்சத்தினால் சேர்த்துக்கொள்ளக் கூடாது. ரிவரில் (ஐந்தாம், கடைசிப் பொதுச் சீட்டாக) இன்னொரு 7 விழுந்ததும் "அவரிடம் ஒரு 7 இருந்தால்?" என்று கலங்குபவர்களைப் பார்க்கிறேன். நிதானமான ஒருவர் 7-ஐ வைத்துக்கொண்டு முதல் சுற்றிலேயே மறுபடி உயர்த்தியிருக்க மாட்டார். அந்தக் கை தொடக்கத்திலேயே போய்விட்டது.

ரிவரில் விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓயாமல் ரெய்ஸ் செய்யும் நண்பரோடு ஆடிய மேற்சொன்ன ஆட்டத்தில், அவர் கடைசி 4-ஐ வைக்கும்போது பாட்டில் 31 இருக்கும். 4 கொடுத்து 31-ஐ எடுக்க, ஒன்பது முறையில் ஏறக்குறைய ஒரு முறை வென்றாலே போதும். அவர் கை வலியது என்று கணித்துவிட்டதாக எண்ணி இங்கே மடிப்பவர், 4-ஐ மிச்சப்படுத்துவதற்காக 31-ஐ விட்டுக்கொடுக்கும் வாய்ப்பை ஏற்கிறார். நாள் முழுவதும் செக்கும் (பந்தயம் வைக்காமல் கடத்துவதும்) காலுமாகவே ஆடிய ஒருவர் திடீரென ரிவரில் ரெய்ஸ் செய்தால் மட்டும், எண்ணிக்கையில் எஞ்சுவன எல்லாம் வலிய கைகளே என்பதால், அந்த மலிவான விலைக்கும் நான் கால் செய்வதில்லை.