போடா போடாவில் எம்போயாவின் கல்லறைக்கு

விக்டோரியா ஏரியிலுள்ள ருசிங்கா தீவிலிருந்து திரும்பி இரண்டு நாளாகியும் அந்த மோட்டார் சைக்கிள்காரர் மீது எனக்குக் கோபம் தணியவில்லை. கென்யாவில் வாடகை மோட்டார் சைக்கிளுக்குப் ‘போடா போடா’ என்று பெயர். இம்பிட்டா படகுத்துறையில் 200 ஷில்லிங் என்று பேசி ஏற்றிக்கொண்டவர், கென்ய அரசியல் தலைவர் டாம் எம்போயாவின் கல்லறை வாசலில் இறங்கியதும், அது போவதற்கு மட்டும்தான், காத்திருந்து திரும்ப அழைத்துச் செல்ல 800 ஆகும் என்றார். அந்த வண்டியின் பெயரை நல்ல தமிழில் இருமுறை உச்சரித்துவிட்டுப் பணத்தை எடுத்தேன்.

செலவில்லாமல் எம்போயாவைப் பார்க்க நைரோபியின் மோய் அவென்யூவில் சிலை இருக்கிறது. 1969 ஜூலை 5 அன்று, மருந்துக்கடையை விட்டு வெளியே வந்த அவரைச் சுட்டுக் கொன்றது அதற்கு வெகு அருகில்தான். பொருளாதாரத் திட்டமிடல் அமைச்சராக இருந்த அவருக்கு அப்போது வயது 38. சைசல் என்னும் நார்ப்பயிர்த் தோட்டக் கண்காணிப்பாளரின் மகனாக 1930இல் பிறந்து, நைரோபியில் சுகாதார ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்தவர். பால் பரிசோதித்துக்கொண்டிருந்த அவரை நேரில் பார்த்த பிறகும் இங்கே யாருமே இல்லையா என்று கேட்ட வெள்ளைக்காரப் பெண்மணியிடம், உங்கள் கண்ணில் ஏதும் கோளாறா என்று திருப்பிக் கேட்டவர். தொழிற்சங்கம் அவரை 1957இல் சட்டமன்றத்துக்குக் கொண்டுசென்றது. மறு ஆண்டு கானாவின் தலைநகர் அக்ராவில் அனைத்து ஆப்பிரிக்க மக்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியபோது அவருக்கு 28 வயது. 1959இல் 81 மாணவர்களை விமானமேற்றி அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அனுப்பிவைத்ததைத்தான் நான் அவருடைய மிகப் பெரிய சாதனை என்பேன். நிதியமைச்சர்கள்கூட நடுங்கும் அந்தப் பயணச் செலவை அவர் நன்கொடை கேட்டே திரட்டினார்.

கிசுமுவிலிருந்து படகுத்துறைக்கு வந்த மட்டாட்டு என்னும் சிற்றுந்தில் 14 இருக்கைக்கு 19 பேர். முழங்காலில் யாரோ ஒருவருடைய கோழிக்கூடையைத் தாங்கியபடி, 1965இல் எம்போயா முன்வைத்த ‘ஆப்பிரிக்க சோசலிசம்’ அரசு அறிக்கையை நினைத்துக்கொண்டேன். பெயர்தான் சோசலிசம், விளைச்சல் அதிகம் தரக்கூடிய பகுதியில்தான் பணத்தைப் போட வேண்டும் என்பது அதன் கணக்கு. ரயிலும் நல்ல நிலமும் ஏற்கெனவே உள்ள ஊர்கள் மேலும் செழிக்க, அவருடைய பூர்வீகமான இந்த ஏரிக்கரை போன்ற பகுதிகள் வரிசையில் பின்னால் நிற்க வேண்டியதாயிற்று. இந்த விஷயத்தில் எம்போயா தவறிழைத்தார் என்றே நான் கருதுகிறேன்.

இம்பிட்டாவில் சாப்பிட்ட பொரித்த திலாப்பியாவும், நம் கேழ்வரகுக் களியை நினைவூட்டும் வெண்ணிற உகாலியும், ‘வாரத்தைத் தள்ளு’ என்று பொருள்படும் சுகுமா விக்கிக் கீரையும் மட்டும்தான் என் கணக்கில் நஷ்டமில்லாத செலவு. மாதக் கடைசியில் அந்தப் பெயரின் அருமை யாருக்கும் புரியும்.

கல்லறை மண்டபம் துப்பாக்கிக் குண்டின் வடிவில் நிற்கிறது. உள்ளே புகைப்படங்கள் பலவற்றில் அவர் முப்பதைத் தாண்டாத இளைஞராகவே சிரிக்கிறார். அங்கேயே இன்னும் ஒரு மணி நேரம் இருந்திருப்பேன். வெளியே ஹாரன் ஒலித்துக்கொண்டே இருந்தது.