நாலு கோடு

"அப்பா, தாத்தாவோட கடிகாரம் தப்பு!"

நிமிர்ந்து பார்த்தேன். ரோமன் எண் போட்ட பழைய சுவர்க் கடிகாரம். நான்கு இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக நாலு கோடு. ஒன்பதில் மட்டும் எக்ஸுக்கு முன்னால் சமர்த்தாக ஒரே கோடு.

மகளுக்கு இன்றுதான் பள்ளியில் பாடம். மதிப்பில் பெரிய எழுத்துக்கு இடப்பக்கம் சின்னது வந்தால் கழி, வலப்பக்கம் வந்தால் கூட்டு. அப்படிப் பார்த்தால் நான்கு என்பது, ஐந்தைக் குறிக்கும் 'வி'க்கு முன்னால் ஒரு கோடு. "நான் இப்படி எழுதினா மிஸ் தப்பு போட்டுடுவாங்க."

ரோம் நகரத்துக் கொலோசியம் என்ற பழங்கால அரங்கத்தில் வாயில்களுக்கு எண் உண்டு. 44ஆம் வாயிலை எழுதிக் காட்டினேன். முதலில் எக்ஸ், எல்: ஐம்பதில் பத்து கழித்து நாற்பது. அப்புறம் நாலு கோடு!

ஒரே எண்ணில் பாதி கழித்தல், பாதி கூட்டல். ரோமானியர் இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். கறாரான விதியெல்லாம் பிற்காலத்தில் வந்தது. லண்டன் பிக் பென் கடிகாரத்தில் நான்கு, இவள் பாடப்புத்தகத்தில் இருப்பது போலவேதான் இருக்கிறது.

"அப்ப ரோமானியருக்கும் மார்க் போயிருக்கும்" என்றாள், பரம திருப்தியுடன்.

ஈசிசேரிலிருந்து தாத்தா குரல்: "அது பத்து நிமிஷம் லேட்டா ஓடுதே, அதை யாராச்சும் பாத்தீங்களா?"