நாலு நாளாக நகராத வரி

வேலைப் பட்டியல் எழுதுகிற யாருடைய நோட்டைப் புரட்டினாலும் அப்படி ஒரு வரி கண்ணில் படும். திங்கட்கிழமை எழுதியது, செவ்வாய், புதன், வியாழன் என்று பக்கத்துக்குப் பக்கம் கூடவே வரும். மற்றதெல்லாம் டிக் வாங்கிக்கொண்டு போய்விட, இது மட்டும் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும். உடனே சோம்பேறி என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். பெரும்பாலும் கோளாறு ஆளிடம் இல்லை, அந்த வரியில்தான் இருக்கிறது.

வரியை உற்றுப் பாருங்கள். “அறிக்கை” என்று இருக்கும். இல்லாவிட்டால் “காப்பீடு”, “பழைய ஃபைல்கள்”. இதெல்லாம் தலைப்புகள். படித்தவுடன் கை எதைத் தொட வேண்டும் என்று தெரியாது, முதலில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அதற்கு மனசு சுணங்கி, பக்கத்து வரியில் இருக்கும் சுலபமான போன் காலுக்குத் தாவிவிடும். அதே வரி இப்படி இருந்தால்: “அறிக்கை 3ஆம் பக்க அட்டவணையில் விடுபட்ட இரண்டு மாத எண்களைக் கேட்டு கணக்குப் பிரிவுக்கு மெயில், 10 நிமிடம்.” நீளம்தான், எழுத அரை நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் என்ன செய்வது, யாரிடம் கேட்பது, எவ்வளவு நேரம் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. யோசனை எழுதும்போதே முடிந்துவிட்டது, காலையில் செய்வது மட்டும்தான் பாக்கி.

நிமிடக் கணக்கில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று உளவியல் மாணவர்களிடம் கேட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 1994இல் வந்தது. அவர்கள் சொன்ன கணிப்பின் சராசரி 33.9 நாள். உண்மையில் ஆனது 55.5. சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. போன தடவையும் இழுத்தது என்று தெரிந்தே, இந்தத் தடவை அப்படி ஆகாது என்று நம்புவதுதான் மனித சுபாவம். ஆகவே மனசில் தோன்றும் நேரத்தோடு பாதியைக் கூட்டி எழுதுங்கள்: 40 நிமிடம் என்று தோன்றினால் 60. வேலை முடிந்ததும் பக்கத்திலேயே நிஜமாக ஆன நேரத்தையும் குறியுங்கள். இரண்டு வாரத்தில் உங்கள் ஏமாற்று விகிதம் உங்களுக்கே தெரிந்துவிடும். சிலருக்குப் போன் பேசும் வேலைகள் சரியாக வரும், எழுத்து வேலைகள் இரட்டிப்பாகும். சிலருக்கு நேர்மாறு.

எட்டு மணி நேர வேலை நாளில் நாலரை மணி நேரத்துக்கு மேல் பட்டியலில் ஏற்ற வேண்டாம். கூட்டங்கள், யாராவது வந்து கேட்பது, திடீரென்று முளைக்கும் அவசரம் என்று மீதியைத் தின்ன ஆட்கள் இருக்கிறார்கள். வரி கணக்கில் சொன்னால் ஐந்து, மிஞ்சினால் ஆறு. பதினைந்து வரி எழுதினால் பட்டியல் ஆசைகளின் ஜாபிதாவாகிவிடும்.

நோட்டு எதுவானாலும் சரி, ஒரே ஒரு நோட்டு என்பதுதான் முக்கியம். மேசையில் ஒட்டுத்தாள், போனில் ஒரு செயலி, மெயிலில் நட்சத்திரம் என்று மூன்று இடத்தில் இருந்தால் எதையும் நம்ப முடியாது. வலது பக்கம் இன்றைய பட்டியல், இடது பக்கம் நடுவில் வந்து விழுகிறவை. முடிந்ததற்கு டிக், நாளைக்குப் போவதற்கு அம்புக்குறி, வேண்டாம் என்று முடிவானதற்கு குறுக்குக் கோடு. அம்புக்குறி போட்ட வரியைக் கையால் மறுபடி எழுத வேண்டும், அதுதான் காகிதத்தின் பலம். பல செயலிகளில் பழைய வேலை தானாகவே நாளைக்கு நகர்ந்துவிடும், உறுத்தாது. கையால் மூன்றாவது தடவை எழுதும்போது எரிச்சல் வரும். வரட்டும். அப்போது மூன்றே வழிதான்: இன்னும் சின்னதாக உடைப்பது, நாளும் நேரமும் குறிப்பது, இல்லை அடித்துவிடுவது. அடிப்பதற்குத்தான் அதிகம் தைரியம் வேண்டியிருக்கும்.

பட்டியலைக் காலையில் எழுதுவதைவிட முந்தின நாள் வேலை முடிக்கும் கடைசி 10 நிமிடத்தில் எழுதுவதே நல்லது. எது எங்கே நிற்கிறது என்பது அப்போது சூடாக நினைவில் இருக்கும். அரைகுறையாக நிற்கும் வேலைக்கு “அடுத்து இது” என்று ஒரு வரி எழுதி வையுங்கள். இதில் தூக்கத்துக்கும் லாபம் உண்டு. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்து நடந்து 2018இல் வெளியான ஆய்வில், படுக்கும் முன் 5 நிமிடம் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு குறிப்பாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம். மொட்டையாக “அறிக்கை” என்று எழுதி இந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

நடுவில் யாராவது கூப்பிட்டால், திரும்பிப் பார்ப்பதற்கு முன் அரை வரி: “7ஆம் வரிசை வரை சரிபார்த்தாச்சு, 8இல் கூட்டல் இடிக்குது.” பத்து விநாடிதான் ஆகும். இது இல்லாவிட்டால் திரும்பி வந்ததும் முதல் வரிசையிலிருந்து மறுபடி ஆரம்பிப்பீர்கள். வந்தவரிடம் “ஒரு நிமிஷம், இதைக் குறிச்சிக்கிறேன்” என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று நம்பி இறங்காதீர்கள். அந்த எண் 1960இல் ஒரு ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர் எழுதியதிலிருந்து வந்தது. தம் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழகக் குறைந்தது அவ்வளவு நாள் பிடித்ததைத்தான் அவர் சொன்னார். ‘குறைந்தது’ என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை 12 வாரம் கவனித்தபோது, ஒரு செயல் தன்போக்கில் நடக்கும் அளவுக்குப் பழகுவதற்கான நடுமதிப்பு 66 நாள் என்று வந்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம்; 12 வாரத்தைத் தாண்டிய எண்கள், அதுவரை பதிவானதை வைத்துக் கணித்தவை. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பு எதையும் உண்டாக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

பலர் பட்டியலைக் கைவிடுவது அந்த விட்டுப்போன நாளில்தான். மூன்று நாள் எழுதவில்லை, அதையெல்லாம் நிரப்பிவிட்டுத் தொடரலாம் என்று நினைப்பார்கள், நிரப்ப அலுப்பாக இருக்கும், நோட்டு மேசைக்கு உள்ளே போய்விடும். நிரப்ப வேண்டாம். அந்த நாட்களுக்கென்று வெற்றுப் பக்கமும் விட வேண்டாம். கடைசியாக எழுதியதற்கு அடுத்த பக்கத்தில் இன்றைய தேதி, அதன் கீழே ஐந்து வரி.