கோயம்புத்தூர் காந்தம்

கோயம்புத்தூர் என்று நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. இன்வாய்ஸ் இருக்கிறது, ஜி.எஸ்.டி. நம்பர் இருக்கிறது, பார்சல் வந்த ரசீதைக்கூட ஃபைலில் குத்தி வைத்திருக்கிறேன். வேண்டுமானால் இப்போதும் எடுத்துக் காட்டலாம். யாரும் கேட்கவில்லை, அதுதான் பிரச்சினை.

"இது எங்க உள்ளதாக்கும்?" என்றார், எங்கள் ட்ரோன் மோட்டாரில் வைக்கும் காந்தத்தைக் காட்டி, ஆடிட்டுக்கு வந்தவர்.

"கோயம்புத்தூர்ல வாங்குறது சார்" என்றேன்.

அவர் கேட்டது எங்கே உள்ளது என்று. நான் சொன்னது எங்கே வாங்கியது என்று. 2024 அக்டோபரில் ஒரு மழை நாள், நாகர்கோவில் கோணம் தொழிற்பேட்டைக்குள் வண்டி வர முடியாதபடி தண்ணீர். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நின்ற மனிதரிடம் சொன்ன மூன்று சொல்லை நான் இன்னும் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சில நாள் அது சரியான பதிலாகத்தான் தோன்றுகிறது.

அவர் கையில் இருந்தது காந்தம் வரும் அட்டைப்பெட்டி. மேலே கோயம்புத்தூர் வியாபாரியின் ஸ்டிக்கர். அதன் ஒரு மூலை ஈரத்தில் லேசாகத் தூக்கியிருந்தது, அடியில் இன்னொரு லேபிளின் வெள்ளை ஓரம் தெரிந்தது. அவர் கட்டைவிரலை அந்த மூலையில் வைத்துத் தேய்த்தார். உரித்துப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அழுத்தி ஒட்டிவிட்டார். ஒட்டிவிட்டு, பேனாவை எடுத்து, ஆடிட் தாளில் மூலப்பொருள் வரும் இடம் என்ற கட்டத்தில் கோயம்புத்தூர் என்று எழுதினார்.

அழுத்தி ஒட்டியது தெரிந்து செய்ததா, பழக்கத்தில் கை செய்ததா? என் வீட்டில் நானும் தூக்கிய ஸ்டிக்கரைப் பார்த்தால் அழுத்திவிடுவேன்.

அவர் ராணுவத்தில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர், விளவங்கோடு பக்கத்துக்காரர். ட்ரோன் செய்யும் ஒரு கம்பெனிக்காக எங்களைப் போன்ற சின்னச் சின்ன சப்ளையர்களைச் சோதிக்க வருவார். நம்ம ஊர்க்காரர் என்றதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. சாயா குடித்தோம், மழையைப் பற்றிப் பேசினோம், குழித்துறை ஆற்றில் தண்ணீர் ஏறியதைப் பற்றிப் பேசினோம். அந்தப் பேச்சு நடக்காமல் இருந்திருந்தால் நான் சைனா என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. அந்நியரிடம் உண்மை சொல்வது சுலபம்.

சாயங்காலம் ஒரு உறுதிமொழித் தாள் வந்தது. முக்கிய பாகங்களில் நம்மோடு நில எல்லை உள்ள நாட்டிலிருந்து வந்தது எதுவும் இல்லை என்று. தரப் பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயர். முதலாளியிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைக்கூட மாட்டவில்லை. "ஒப்பு போடு மக்கா. பாகம்னா மோட்டாராக்கும். மோட்டாரு எங்க செய்யுது? இங்க. பின்ன என்ன?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் மோட்டாரின் தண்டு கோணத்திலேயே கடைந்தது. தகடு அடுக்கியது, கம்பி சுற்றியது, பேலன்ஸ் பார்த்தது எல்லாம் எங்கள் ஷெட்டில். ஆறு பெண்கள் சுற்றுகிறார்கள், 24 ஸ்லாட், கையால். சுற்றி முடித்த ஸ்டேட்டரைப் பார்த்தால் பிச்சிப்பூ கட்டிய மாதிரி இருக்கும், ஒரு கம்பி மேல் இன்னொன்று ஏறியிருக்காது. அதைச் சுற்றி வரும் வளையத்தில் 28 காந்தத் துண்டுகள், நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். பித்தளை இடுக்கியால்தான் எடுக்க வேண்டும், இரும்பு இடுக்கி என்றால் தாவிப் பிடித்துக்கொள்ளும், விரல் நடுவில் மாட்டினால் தோல் போகும். அந்த 28 துண்டுதான் சைனா. விலைக் கணக்கில் சிறு பங்கு. பாதுகாப்புக் கொள்முதல் விதியில் உள்நாட்டில் வடிவமைத்தது என்ற வகைக்கு அப்போது 50 சதவீத உள்நாட்டுப் பங்கு வேண்டும் என்றார்கள், அதுவும் விலைக் கணக்குதான். எங்களுக்கு அதற்கு மேலேயே வந்தது. ஆனால் வேலையில், அந்த 28 துண்டு இல்லாவிட்டால் மீதி எல்லாம் பழைய இரும்புக்கடைக்குத்தான்.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட இன்னொரு சமாதானமும் உண்டு. உதயகிரிக் கோட்டை எங்களுக்குப் பக்கம். 1741-ல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய், அப்புறம் மார்த்தாண்ட வர்மாவுக்கே படைத்தலைவர் ஆகி, அந்தக் கோட்டையில் பீரங்கி வார்க்க வைத்தார். அவர் கல்லறையும் உள்ளேதான் இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. அந்தப் பீரங்கியில் உள்நாட்டுப் பங்கு எத்தனை சதவீதம் என்று அன்றைக்கு எந்த ஆடிட்டர் கேட்டிருப்பார்? இதை முதலாளியிடம் சொன்னபோது சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் டிலனாய் டச்சுக்காரர் என்பதை மகாராஜாவிடம் யாரும் மறைக்கவில்லையே, அது எனக்கு வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது.

நாங்கள் ராணுவத்துக்கு என்று ஆரம்பித்தவர்கள் கிடையாது. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாக இறக்குமதி செய்யத் தடை வந்தது, உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. அந்தச் சந்தில்தான் எங்களைப் போன்ற பல ஷெட்கள் முளைத்தன. மருந்து தெளிக்கும் ட்ரோனுக்கு மோட்டார். 2023 கடைசியில் நமோ ட்ரோன் தீதி என்று 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன், 80 சதவீதம் வரை, அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம் என்றதும் முதலாளி இரண்டாவது பேலன்சிங் மெஷின் வாங்கினார். பிறகு காற்று மாறியது. லடாக் மலைக்குச் சாமான் தூக்கும் ட்ரோன் வேண்டும் என்றார்கள். உக்ரைனில் சில பத்தாயிரம் ரூபாய் ட்ரோன் கோடிக்கணக்கான டாங்கியை அடிப்பதை எல்லாரும் போனில் பார்த்தார்கள். மருந்து ட்ரோனுக்குப் பேரம் பேசியவர்களே ராணுவம் என்றால் விலை கேட்காமல் டெலிவரி தேதி கேட்டார்கள். அதே மோட்டார்தான், வார்னிஷ் மட்டும் ஒரு கோட்டிங் கூட.

2025 பிப்ரவரியில் செய்தி வந்தது. சைனா பாகங்கள் இருந்ததால் 400 ட்ரோன்களுக்கான, சுமார் 230 கோடி ரூபாய் ஒப்பந்தங்களை ராணுவம் ரத்து செய்துவிட்டது. எங்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் அன்று மதியம் சோறு இறங்கவில்லை. ராணுவம் பயந்தது எலெக்ட்ரானிக்ஸ் பாகங்களுக்குத்தான் என்று படித்ததும் நிம்மதி. கன்ட்ரோலர், ரேடியோ, கேமரா, அதில் பின்வாசல் வைத்துத் தகவல் உறிஞ்சலாம், பறக்கும்போதே திருப்பலாம். காந்தம் என்ன உளவா பார்க்கும்? இந்த வாதத்தை ஒரு வாரம் வைத்திருந்தேன், நல்ல வாதம் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

ஏப்ரல் 4-ஆம் தேதி சைனா ஏழு அருமண் (ரேர் எர்த்) தனிமங்களுக்கும் அவற்றைச் சேர்த்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி லைசென்ஸ் கட்டாயம் என்றது. சமாரியம், டெர்பியம், டிஸ்புரோசியம் என்று பட்டியல். மோட்டார் சூடானாலும் காந்தம் சோரக் கூடாது என்றால் டிஸ்புரோசியமோ டெர்பியமோ கொஞ்சம் கலக்க வேண்டும், எங்கள் 28 துண்டிலும் அது உண்டு. கோயம்புத்தூர்க்காரர் போனை எடுப்பதை நிறுத்தினார். மே மாதம் ஆபரேஷன் சிந்தூர். எல்லையில் ராத்திரி முழுக்க ட்ரோன் பறந்ததை டிவியில் காட்ட, மறுநாள் காலை எங்கள் ஷெட்டுக்கு விலைப்பட்டியல் கேட்டு மூன்று போன். ஜூனில் அவசரக் கொள்முதலில் 13 ஒப்பந்தங்கள், 1,981.90 கோடி என்று அரசு அறிவித்தது, அதில் ட்ரோன்களும் இருந்தன. நான் வேலைக்கு வந்த பதினேழு வருடத்தில் இப்படி ஒரு ஆர்டர் காலம் பார்த்ததில்லை. ஷெட்டில் காந்தம் மட்டும் இல்லை.

ஆடிட்டுக்கு வந்தவர் போன் பண்ணினார். குரலில் கோபம் எதுவும் இல்லை.

"என்னவாக்கும் தாமசம்?"

என்ன சொல்வேன்? சைனா லைசென்ஸ் வரவில்லை என்று சொல்ல முடியாது, கோயம்புத்தூரிலிருந்து வரும் காந்தத்துக்கு எதற்கு பெய்ஜிங்கில் லைசென்ஸ்? "டெக்னிக்கலா ஒரு சின்ன விஷயம் சார்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "செரி, பாருங்க" என்று வைத்துவிட்டார்.

உளவு பார்க்காத காந்தம் என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன் இல்லையா? குழாய் வேறு ஒருவர் கையில் இருக்கிறது, நினைத்த நாளில் மூடலாம், அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளத்தான் அந்தக் கட்டமே ஆடிட் தாளில் இருக்கிறது. அக்டோபரில் அவர் சைனா என்று எழுதியிருந்தால் மேலே யாராவது ஆறு மாதத்துக்குச் சரக்கு வாங்கி வைத்திருக்கலாம், வேறு நாட்டில் தேடியிருக்கலாம். அல்லது எங்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, எங்களைப் போலவே கோயம்புத்தூர் என்று சொல்லும் இன்னொருவரிடம் போயிருக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றுவது எனக்கு வசதியாகவும் இருக்கிறது.

ஜூன் கடைசியில் கோயம்புத்தூர்க்காரர் ஒரு தாள் அனுப்பினார். கடைசிப் பயனாளர் சான்றிதழ். சைனாவில் லைசென்ஸ் கேட்க அது வேண்டுமாம். இந்தக் காந்தம் ராணுவப் பயன்பாட்டுக்குப் போகாது, ராணுவத்தோடு தொடர்புடையவர்களுக்குக் கைமாற்ற மாட்டோம் என்று. கீழே கையெழுத்து, பதவி, சீல்.

இதையும் முதலாளியிடம் கொண்டுபோனேன். இந்தத் தடவை கண்ணாடி மாட்டிக்கொண்டு முழுதாகப் படித்தார். "மருந்தடிக்க மோட்டாரும் நாம செய்யதுதானே" என்றார். செய்கிறோம்தான், மாதத்துக்கு ஒரு சின்ன லாட். "நான் ஒண்ணும் நிர்ப்பந்திக்கல்ல, நீயே பாத்துக்க" என்றும் சொன்னார். அந்த ஆறு பெண்களில் நாலு பேருக்கு அந்த மாதம் வேலை இல்லாமல் அரைச் சம்பளம். ஒருத்தி மகளுக்கு நர்சிங் ஃபீஸ் கட்ட முன்பணம் கேட்டிருந்தாள். இதையெல்லாம் நான் கையெழுத்துப் போட்டதற்குக் காரணமாகச் சொல்லலாம். ஆனால் போடும் நேரத்தில் அவர்களை நினைத்தேனா என்றால் இல்லை, இரண்டு தாளிலும் ஒரே மாதிரி கையெழுத்து இருக்க வேண்டுமே என்றுதான் நினைத்தேன். நம் ராணுவத்துக்கு, இது சைனாவில் இருந்து வந்தது இல்லை. சைனாவுக்கு, இது ராணுவத்துக்குப் போவது இல்லை. இரண்டுக்கும் சாட்சி நான்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், மூலப்பொருள் எங்கள் காலடியில் கிடக்கிறது. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற தாது உண்டு, அதில் இந்தக் காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியம் உண்டு. நூறு வருடத்துக்கு முன்னால் இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் ஒரு ஜெர்மன்காரர் கண்டுபிடித்தார் என்பார்கள். அந்தக் காலத்தில் விளக்கு மேன்டிலுக்குக் கப்பலேறியது. இன்றைக்கு மத்திய அரசின் ஐ.ஆர்.இ. ஆலை இருக்கிறது, மணலைப் பிரிக்கிறார்கள். ஆனால் மணலிலிருந்து ஆக்சைடு, ஆக்சைடிலிருந்து உலோகம், உலோகத்திலிருந்து காந்தம் என்று போகும் படிகளில் கடைசிப் படிகள் நம்மிடம் பெயருக்குத்தான் இருந்தன. 2025 நவம்பரில் மத்திய அரசு காந்தம் செய்ய 7,280 கோடிக்குத் திட்டம் அறிவித்திருக்கிறது, வருடத்துக்கு 6,000 டன் என்று இலக்கு. வரட்டும்.

ஓரம் உடைந்த ஒரு காந்தத்துண்டை மகளுக்கு விளையாடக் கொடுத்தேன். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நூல் கட்டி இழுத்தாள். கறுப்பு மணல் தாடி மாதிரி அப்பிக்கொண்டு வந்தது. எவ்வளவு துடைத்தும் போகவில்லை, அவள் பாவாடையில் துடைக்க, பாவாடையும் கறுப்பு.

சரி, நம் மணலிலேயே எடுத்து நாமே செய்தால் என்ன என்று கேட்பீர்கள். என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது கிள்ளியூர் பக்கம், கடற்கரை ஊர். அங்கே 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் வருகிறது என்றதும் ஊரே திரண்டது. அந்தப் பக்கத்தில் கேன்சர் இல்லாத குடும்பம் எது என்று அக்கா கேட்பாள். கதிர்வீச்சா வேறெதுவுமா என்று மருத்துவர்கள் சொல்லட்டும், அத்தானை நாங்கள் திருவனந்தபுரத்துக்கு எத்தனை தடவை கூட்டிக்கொண்டு போனோம் என்பது எனக்குத் தெரியும். மணல் எடுக்கக் கூடாது என்ற மனுவில் அக்கா கையெழுத்துக் கேட்டாள். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, போட்டேன். அந்த மூன்று கையெழுத்தில் எனக்கு உறுத்தாதது அது ஒன்றுதான். ஆனால் அந்த மனு ஜெயித்தால் முதல் இரண்டும் இன்னும் கொஞ்ச காலம் தேவைப்படும் என்பது மனசுக்குத் தெரியாமல் இல்லை. வேறு எங்கோ, வேறு யாருடைய அக்கா வீட்டுப் பக்கத்திலோ தோண்டியதைத்தானே இத்தனை நாள் பித்தளை இடுக்கியால் எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தோம்.

லைசென்ஸ் வந்தது, செப்டம்பரில். கொஞ்சம் சரக்கு. நான் பெட்டிகளைப் பிரித்து ஒன்றில் மார்க்கரால் மருந்து என்று எழுதினேன். மற்றதில் எதுவும் எழுதவில்லை. மருந்துப் பெட்டி முதலில் தீர்ந்தது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

போன டிசம்பரில் கோட்டாறு சவேரியார் திருவிழாவில் ஆடிட்டுக்கு வந்த அவரைப் பார்த்தேன். மனைவியோடு வந்திருந்தார், கையில் பேரனுக்கு வாங்கிய பிளாஸ்டிக் ஹெலிகாப்டர். வீட்டுக்காரியைப் பற்றி விசாரித்தார், மகள் எத்தனாம் கிளாஸ் என்று கேட்டார். போகும்போது திரும்பி, "இப்ப சாதனம் ஒழுங்கா வருதா?" என்றார்.

"வருது சார்."

எங்கிருந்து என்று கேட்பார் என்று நின்றேன். இந்தத் தடவை சொல்லிவிடலாம் என்றுகூட இருந்தேன் என்று நினைக்கிறேன். அவர் ஹெலிகாப்டரைத் திருப்பிப் பார்த்தார், அடிப்பக்கம் ஒட்டியிருந்த விலைச்சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே கூட்டத்துக்குள் போய்விட்டார்.