துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில்

மார்ச் 3, திங்கள்

இன்றைக்கு முதல் ஆளாக வந்தவன் பீமன். கிரேட் டேன், ஏழு வயது. ஆள் உயரத்துக்குக் குறைச்சல் இல்லை, ஆனால் முதுகெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. வயிறு மட்டும் உப்பியிருக்கிறது. கொஞ்ச நாளாகவே சாப்பாட்டில் ஆர்வமில்லை, படியேறினால் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறான் என்றார் அவனைக் கூட்டிவந்த அம்மா.

ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததுமே பாதி தெரிந்துவிட்டது. சத்தத்தில் ஒரு ஒழுங்கும் இல்லை. இரண்டு மூன்று அடுத்தடுத்து முட்டிக்கொண்டு வரும், ஒன்று தள்ளி வரும். ஒன்று பலமாக, அடுத்தது காதில் விழுந்தும் விழாமலும். ஒரு கையில் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டே, இன்னொரு கையின் இரண்டு விரலை அவன் பின்னந்தொடையின் உள்பக்கம், நாடி ஓடும் பள்ளத்தில் வைத்தேன். காதில் துடிப்பு கேட்கிறது, விரலுக்கு ஒன்றுமே வரவில்லை. அடுத்ததற்கு லேசாக ஒரு தட்டு. அதற்கடுத்த இரண்டுக்கு மறுபடி ஒன்றுமில்லை. ஈசிஜியில் கீழறைகள் நிமிடத்துக்கு 220 தடவை துடிக்கின்றன. தொடையில் எண்ணினால் 140தான் தேறியது. மிச்சம் 80 துடிப்பும் வீண். இதயம் சுருங்கத்தான் செய்கிறது, வெளியே தள்ளுவதற்கு உள்ளே போதுமான ரத்தம் இல்லை.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேலறைகள் சுருங்கி விரியாமல் சும்மா நடுங்கிக்கொண்டே இருக்கும். அங்கே கிளம்பும் மின் தூண்டல்களில் எதெல்லாம் கீழே இறங்கிவிடுகிறதோ அதற்கெல்லாம் கீழறை துடித்துவைக்கும். எக்கோவில், அதாவது இதய ஸ்கேனில், இடது கீழறை பெருத்துப்போய், சுவர் சோம்பலாக அசைந்தது: டைலேட்டட் கார்டியோமயோபதி. கிரேட் டேன், டோபர்மேன், ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் போன்ற பெரிய நாய்களில் இந்த இரண்டும் ஜோடியாக வருவதை அடிக்கடி பார்க்கிறோம்.

வயிற்றில் சேர்ந்த நீருக்கு ஃபியூரோஸமைட், இதயத் தசைக்கு பிமோபென்டான், வேகத்தைக் குறைக்க டில்டியாசெமும் டிஜாக்ஸினும். தாளத்தைப் பழையபடி ஆக்கும் முயற்சியில் இறங்கவில்லை. இவ்வளவு பெருத்த இதயத்தில் அப்படியே ஆக்கினாலும் நிலைப்பது அபூர்வம். எண்ணிக்கையை இறக்குவோம், அது போதும்.

மார்ச் 4, செவ்வாய்

அந்த அம்மா போன் செய்தார். "டாக்டர், ஒரு சந்தேகம். வேகமா துடிச்சா ரத்தம் நிறையத்தானே போகணும்? நீங்க எதுக்கு அதைக் குறைக்கிறீங்க?"

நியாயமான கேள்வி. ஒரு நிமிடத்தில் இதயம் அனுப்பும் ரத்தம் என்பது, ஒரு துடிப்புக்கு எவ்வளவு, நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்ற இரண்டின் பெருக்கல்தான். ஒன்று ஏறும்போது மற்றது அப்படியே நின்றால் அவர் சொல்வது சரி. நிற்காது. குழாயடியில் குடம் நிறைவதற்குள் தூக்கிக்கொண்டு ஓடினால் நடை கூடும், தண்ணீர் கூடாது என்றேன். உடனே பிடித்துக்கொண்டார்.

அவரிடம் சொல்லாத கணக்கை இங்கே எழுதிவைக்கிறேன். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு முழுதாக 1000 மில்லி வினாடி கிடைக்கிறது. 220 என்றால் 273 மில்லி வினாடி. சுருங்குவதற்கு ஆகும் நேரம் ஓரளவுக்குத்தான் குறையும். தசைக்கென்று ஒரு வேகம் இருக்கிறது. ஆக, வெட்டு விழுவதெல்லாம் விரிந்து நிரம்பும் நேரத்தில்தான். போதாததற்கு, கடைசி நேரத்தில் மேலறை சுருங்கி ஒரு தள்ளு தள்ளி நிரப்பும், பீமனுக்கு அதுவும் இல்லை.

இன்னொரு கொடுமையும் உண்டு. இடது கீழறை சுருங்கும்போது தன் சுவருக்குள் ஓடும் ரத்தக்குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. அந்தத் தசைக்கு வேண்டிய ரத்தம் பெரும்பாலும் விரியும் நேரத்தில்தான் வந்து சேரும். வேகம் கூடக்கூட வேலை அதிகம், ஆக்ஸிஜன் தேவையும் அதிகம், அது வந்துசேரும் நேரமோ குறைவு.

மார்ச் 6, வியாழன்

பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பி ஒருவன் மடக்கினான். "அப்படின்னா பந்தயத்துல ஓடுற கிரேஹவுண்ட் எப்படி சார் சமாளிக்குது? அதுக்கு 300 போகுதே?"

போகிறதுதான். ஆனால் அங்கே வேகம் தனியாக வருவதில்லை. ஓடும்போது அட்ரினலின் இதயத்தை வேகமாகச் சுருங்கவும் வைக்கிறது, வேகமாகத் தளரவும் வைக்கிறது. இரண்டாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சட்டென்று தளர்ந்தால்தான் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் நிரம்ப முடியும். கால் தசைகள் வேறு ரத்தத்தைப் பிழிந்து மேலே அனுப்பியபடி இருக்கும்.

அது போக, துடிப்பு வேகமானாலே ஆரோக்கியமான தசை கூடுதல் பலத்தோடு சுருங்கும். 1871-ல் லைப்ஸிகில் கார்ல் லுட்விக்கின் ஆய்வகத்தில் பௌடிச் என்ற உடலியல் ஆய்வாளர் தவளை இதயத்தில் இதைப் பார்த்தார்: தூண்டத் தூண்ட ஒவ்வொரு சுருக்கமும் முந்தையதைவிட ஒரு படி உயர்ந்துகொண்டே போனது. காரணம் கால்சியம். ஒவ்வொரு துடிப்புக்கும் செல்லுக்குள் நுழையும் கால்சியத்தை வெளியேற்ற நேரம் போதாமல், உள்ளே இருக்கும் கிடங்கில் இருப்பு ஏறுகிறது. அடுத்த துடிப்புக்கு அதிகம் கிடைக்கிறது. நோயுற்ற தசையில் அந்தக் கிடங்குக்குள் கால்சியத்தை இழுக்கும் புரதமே தளர்ந்துபோயிருக்கும். அங்கே வேகம் கூடினால் பலம் கூடாது, சில சமயம் குறையவே செய்யும். பீமனுக்கும் கிரேஹவுண்டுக்கும் வித்தியாசம் அங்கேதான்.

"சரி சார்," என்றான். முகத்தைப் பார்த்தால் இன்னொரு கேள்வி பாக்கி இருப்பதுபோல் இருந்தது. நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

மார்ச் 8, சனி

லேப்ரடார் குட்டி, தடுப்பூசிக்கு வந்தது. "துடிப்பு சீரா இல்லையே" என்று அதன் வீட்டுக்காரர் பதறினார். மடியில் படுத்திருக்கும்போது கையை வைத்துப் பார்த்திருக்கிறார். மூச்சு இழுக்கும்போது வேகமாகிறது, விடும்போது நிதானமாகிறது. நாய்க்கு இது இயல்பு. ஓய்வில், இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடி நன்றாக இருப்பதற்கு அடையாளம். தூங்கும்போது இரண்டு வினாடிகூட விட்டுத் துடிக்கும். இதயம் தளர்ந்த நாய்களில்தான் இந்த ஏற்ற இறக்கம் மறைந்து, துடிப்பு ஒரே சீராக, வேகமாக ஓடும். சீராக இருந்தால் நல்லது என்று மனிதர்களை வைத்து நினைப்பதால் வரும் பயம் இது. அனுப்பிவைத்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

பீமனுக்கு நேர் எதிரான மறுகோடி இன்று வந்தது. செல்லி, வயதான காக்கர் ஸ்பேனியல், வாசலுக்கு ஓடிப்போனவள் அப்படியே சாய்ந்துவிட்டாளாம். ஈசிஜியில் மேலறை 130 தடவை துடிக்கிறது, கீழறை 38. இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை: முழு ஏவி பிளாக். நடுவில் உள்ள மின்பாதை அறுந்துபோனதால் கீழறை தன் சொந்த முயற்சியில் மெதுவாகத் துடித்து உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

தொடையில் விரலை வைத்தால் ஒவ்வொரு நாடியும் விரலைத் தூக்கி எறிகிறது. நிரம்புவதற்கு ஏராளமான நேரம். நிரம்பி, நீண்டு, நீண்ட தசை அதற்கேற்ற பலத்தோடு சுருங்குகிறது. ஸ்டார்லிங் என்ற உடலியல் ஆய்வாளர் நூறு வருஷத்துக்கு முன்னால் நாயின் இதயத்திலும் நுரையீரலிலும் செய்து காட்டிய அதே விஷயம். அதனால்தான் படுத்திருக்கும்போது செல்லிக்கு ஒரு குறையும் தெரிவதில்லை. எழுந்து ஓடினால்தான் சிக்கல். ஒரு துடிப்பின் அளவு ஏற்கெனவே உச்சத்தில் இருக்கிறது, எண்ணிக்கை ஏற மறுக்கிறது, மூளைக்குப் பற்றவில்லை.

துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் கொடுத்துப் பார்த்தோம். மேலறை இன்னும் வேகமாக ஓடியது, கீழறை அசைந்துகொடுக்கவில்லை. இதற்கு மாத்திரையை நம்பிப் பிரயோஜனமில்லை. பேஸ்மேக்கர்தான். கழுத்து நாளம் வழியாக ஒயரை வலது கீழறை வரை இறக்கி, பேட்டரியைக் கழுத்துத் தோலுக்கடியில் வைப்போம். மனிதர்களுக்குச் செய்யப்பட்ட கருவிகளே நாய்க்கும் பொருந்தும். நாளை மறுநாள் வைக்கிறோம்.

மார்ச் 14, வெள்ளி

செல்லிக்கு பேஸ்மேக்கர் நன்றாகப் பிடித்துக்கொண்டது. நிமிடத்துக்கு 90. காலையில் எழுந்து குரைத்தாள்.

மதியம் பீமனைப் பற்றிப் பேச்சு. தசை கெட்டதால் வேகம் வந்ததா, வேகத்தால் தசை கெட்டதா? இரண்டாவது வெறும் ஊகம் இல்லை. 1960-களிலிருந்து இதை நாய்களிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். ஆரோக்கியமான நாய்க்கு பேஸ்மேக்கர் வைத்து, நிமிடத்துக்கு 200-க்கு மேல் வாரக்கணக்கில் ஓட்டுவது. மூன்று நான்கு வாரத்தில் கீழறை பெருத்து, சுருங்கும் திறன் விழுந்து, வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். வேறு எந்த நோயும் கொடுக்கவில்லை, வேகம் மட்டும்தான். நிறுத்தினால் சில நாள்களிலேயே இதயம் மீளத் தொடங்குகிறது. மனிதர்களுக்கு இதயச் செயலிழப்பு பற்றித் தெரிந்ததில் ஒரு நல்ல பங்கு இந்த நாய்களிடமிருந்து வந்தது. படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும்.

பீமன் விஷயத்தில் எது முந்தி என்று அடித்துச் சொல்ல வழியில்லை. அவன் இனத்தைப் பார்த்தால் தசைதான் முதலில் கெட்டிருக்கும் என்று என் கணிப்பு. ஆனால் மேலே ஏறி உட்கார்ந்த வேகம் தன் பங்குக்குக் கெடுத்திருக்கும். அந்தப் பங்கையாவது திரும்ப வாங்கலாம்.

மார்ச் 19, புதன்

ஆஸ்பத்திரியில் பீமனுக்கு 170. இதை நம்பி மருந்தைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. வழுக்கும் தரை, டெட்டால் வாசனை, பக்கத்தில் ஒரு பூனை. எந்த நாய்க்கும் ஏறத்தான் செய்யும். நாள் முழுக்கத் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவியை மார்பில் கட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். 24 மணி நேரத்தில் ஒரு லட்சத்து 98 ஆயிரத்துச் சொச்சம் துடிப்பு, சராசரி 138. ஃபிப்ரிலேஷன் உள்ள நாய்களில் ஹோல்டர் சராசரி 125-க்குக் கீழே இருப்பவை அதிக நாள் வாழ்கின்றன என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். டில்டியாசெமைக் கூட்டினேன். டிஜாக்ஸினைத் தொடவில்லை, ரத்தத்தில் அளவு சரியாக இருக்கிறது, ஏற்றினால் வாந்தியும் பசியின்மையும் வந்து நிற்கும்.

ஏப்ரல் 4, வெள்ளி

புது ஹோல்டர்: சராசரி 112. காதும் விரலும் இன்று பெரும்பாலும் ஒத்துப்போயின. நிமிடத்துக்கு ஏழெட்டு நாடிதான் விடுபட்டது. தாளம் அதே தாறுமாறுதான், அது மாறப்போவதில்லை. வயிறு இறங்கியிருக்கிறது, படி ஏறுகிறானாம்.

எக்கோவில் சுருக்கம் முன்னைவிட மேல். உடனே சந்தோஷப்படவும் தயக்கமாக இருக்கிறது. 220-ல் எடுத்த படத்தையும் 115-ல் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தால் பின்னது அழகாகத்தான் தெரியும். நிரம்பிய இதயம் நன்றாகத் தள்ளும். இந்தத் தாளத்தில் துடிப்புக்குத் துடிப்பு அளவும் மாறும், அதனால் பல துடிப்பை அளந்து சராசரி எடுத்தேன். கீழறையின் விட்டம் கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது. தசை எவ்வளவு மீண்டது என்று சொல்ல, இதே வேகத்தில் இன்னொரு படம் வேண்டும்.

அந்த அம்மாவுக்குச் சொன்னது: தூங்கும்போது மூச்சை எண்ணி எழுதி வையுங்கள், நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினால் அன்றைக்கே கூப்பிடுங்கள். மருந்து வேளை தப்பக் கூடாது. ஜூனில் ஹோல்டரும் எக்கோவும் மறுபடி.