இரத்த அறிக்கை தெளிந்த பிறகும் ஆறாத குடல்

எச்.ஐ.வி.க்கு ஒழுங்காக மருந்து எடுத்து, வைரஸின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்து, நோயெதிர்ப்புக்கு முக்கியமான சி.டி.4 கலங்களின் எண்ணிக்கையும் ஏறிய பிறகு எனக்கு வயிற்றோட்டம் விட்டுவிட்டு மாதக்கணக்கில் நீடித்தது. மட்டக்களப்பில் அதன் காரணத்தை அறிய நான் பட்ட பாடு இன்னொருவருக்கு மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

வழமையான எச்.ஐ.வி. கிளினிக்கில் ஒரு குறையும் இல்லை. மருந்து இலவசமாகக் கிடைக்கிறது, மரியாதையாகவும் நடத்துகிறார்கள். சிக்கல் அதற்கு வெளியேதான். கிளினிக் இல்லாத ஒரு நாளில் வேறொரு வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போனபோது, துண்டு எழுதுபவர் என் கொப்பியைப் புரட்டிவிட்டு, வரிசை முழுவதற்கும் கேட்கும்படி "இது எந்தக் கிளினிக் கொப்பி?" என்றார். பின்னால் நின்ற பெரியவர் எட்டி அட்டையைப் பார்த்தார். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை. துண்டு எழுதும் இடத்தில் வயிற்று வருத்தம் என்று மட்டும் சொல்லுங்கள். கொப்பியை உள்ளே வைத்தியரிடம் மட்டும் காட்டுங்கள்.

அங்கு மலப் பரிசோதனை எதுவும் செய்யாமலே நுண்ணுயிர்க்கொல்லி எழுதித் தந்தார்கள். சில நாள் அடங்கி மறுபடி தொடங்கியது. மறுபடி அதே மருந்து. பின்னர் கிளினிக் வைத்தியர் இதைக் கேட்டுக் கவலைப்பட்டார். கிருமி எதுவென்று தெரியாமல் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி, ஏற்கெனவே குலைந்திருக்கும் குடல் பற்றீரியாக்களில் நல்லவற்றையும் சேர்த்து அழித்துவிடும் என்றார்.

அடுத்தது மலப் பரிசோதனை. நான் இருப்பது வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம். விடியற்காலையில் எடுத்த மாதிரியைப் பஸ்ஸில் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஆய்வுகூடத்தில் இருந்தவர் போத்தலைக் கையில் எடுத்துப் பார்த்து, எடுத்த நேரம் எழுதப்படவில்லை என்று திருப்பித் தந்துவிட்டார். நேரம் எழுத வேண்டும் என்று எனக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. நீர்த்த மலத்தை அரை மணித்தியாலத்துக்குள் பார்த்தால்தான் அசையும் அமீபா தெரியும் என்பதால், முதல்நாளே டவுனுக்கு வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கிக் கொடுப்பதே வழி. மாதிரியில் சிறுநீரோ தண்ணீரோ கலக்கக் கூடாது. இன்னொன்றை மறக்க வேண்டாம்: சாதாரண மலப் பரிசோதனையில் வயிற்றோட்டம் தரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி தப்பிவிடலாம். அதற்கெனத் தனிச் சாயமிடும் முறை உண்டு. அதை வைத்தியர் படிவத்தில் குறிப்பிட்டு எழுத வேண்டும். எனக்கு அதைக் கேட்டு எழுதுவித்தேன். முடிவில் ஒரு கிருமியும் இல்லை என்று வந்தபோது, நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது.

அப்படியானால் ஏன் இந்த வயிற்றோட்டம்? வைத்தியர் பொறுமையாக விளக்கினார். குடற்சுவரில் நோயெதிர்ப்புக் கலங்கள் ஏராளமாக இருக்கின்றன. தொற்று ஏற்பட்ட முதற்சில வாரங்களிலேயே வைரஸ் அங்குள்ள சி.டி.4 கலங்களைப் பெருமளவில் அழித்துவிடுகிறது. குடலின் உட்படையைக் காக்கும் டி.எச்.17 என்ற வகையும் அதில் அடங்கும். காவல் போன சுவர் கசியத் தொடங்க, பற்றீரியாக்களின் துணுக்குகள் இரத்தத்தில் கலந்து, நோயெதிர்ப்புத் தொகுதியை ஓயாமல் தூண்டிக்கொண்டே இருக்கின்றன. இதை விரிவாகக் காட்டிய ஆய்வு 2006இல் வெளிவந்தது. குடலில் வாழும் பற்றீரியாக்களின் சமநிலையும் மாறுகிறது. குடற்சுவருக்கு உணவாகும் பியூட்டிரேட்டைத் தருபவை குறைந்து, அழற்சியைத் தூண்டுபவை கூடலாம். மருந்து இரத்தத்தைச் சீராக்கும் வேகத்தில் குடலைச் சீராக்குவதில்லை. சிலருக்கு அது முழுமையாகவும் மீள்வதில்லை.

இதைத் தெரிந்துகொண்டு மருந்துக்கடைக்குப் போனால், "நல்ல பற்றீரியா" என்று விலை கூடிய குளிசைகளைக் காட்டுவார்கள். அவை எச்.ஐ.வி. உள்ளவரின் குடலைச் சீராக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை, சி.டி.4 மிகக் குறைந்தவர்கள் உயிருள்ள பற்றீரியாக் குளிசைகளை வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது. நம் பக்கத்து எருமைத் தயிர் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டால் சாப்பாட்டோடு சாப்பிடலாம் என்றார் வைத்தியர். ஆனால் அதை மருந்தாக எண்ண வேண்டாம் என்றும் சொன்னார்.

டொலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது: மக்னீசியமோ அலுமினியமோ கலந்த அமிலநீக்கி அந்த மருந்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். ஆகவே அமிலநீக்கி குடிப்பதற்கு 2 மணித்தியாலம் முன்னரோ 6 மணித்தியாலம் பின்னரோதான் மாத்திரையைப் போட வேண்டும். வயிறு எரிகிறது என்று போன எனக்கு அமிலநீக்கியை எடுத்துத் தந்த கடையில், வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை.

நுண்ணுயிர்க்கொல்லியை நிறுத்தி, மரக்கறியும் பயறும் மெல்ல மெல்லக் கூட்டியபின் எனக்கு வெகுவாகக் குறைந்திருக்கிறது. எச்.ஐ.வி. மருந்தை ஒருநாளும் விடவில்லை. காய்ச்சலோ, மலத்தில் இரத்தமோ, உடல் மெலிவோ கண்டால் அடுத்த கிளினிக் நாள் வரட்டும் என்று இருந்துவிடாமல் அன்றே போய்க் காட்டுங்கள்.