முதல் கம்பு இடப்பக்கம்

நேற்று சாயங்காலம் என் நாய் மின்னி, வரிசையாக நட்ட 12 கம்புக்கு இடையிலும் வளைந்து வளைந்து தானாகவே நுழைந்து முடித்தாள். நான் பத்தடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா நின்றேன். அந்தக் கையை விலக்குவதற்கு எனக்கு எட்டு மாதம் ஆகியிருக்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மின்னி நாட்டு நாய், இரண்டரை வயசு. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் எங்கள் விளையில், தென்னைக்கு நடுவில் கிடைத்த இடத்தில்தான் பயிற்சி. நாய்கள் தடைகளைக் கடந்து ஓடும் அஜிலிட்டி போட்டியில் வரும் தடைகளில் தாண்டுவதையும் டனலுக்குள் ஓடுவதையும் எந்த நாயும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். வேலி தாண்டுவதும் புதருக்குள் புகுவதும் அதற்குத் தெரிந்த வேலைதானே. வீவ் போல்ஸ் என்கிற இந்தக் கம்பு வரிசை அப்படியில்லை. நேராகப் போக வழி இருக்கும்போது எந்த நாயும் கம்புக்குக் கம்பு வளைந்து வளைந்து போகாது, அதனால் இதை முழுக்க முழுக்க நாம்தான் சொல்லிக்கொடுத்தாக வேண்டும்.

ரப்பர் பால் வெட்ட வரும் அண்ணன் ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, "இது என்ன வெளையாட்டாக்கும்?" என்று கேட்டார். 1978-இல் லண்டனில் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், குதிரை தாண்டும் போட்டியைப் பார்த்து நாய்களுக்கென்று செய்து காட்டினார்கள், அதிலிருந்து வளர்ந்தது என்று சொன்னேன். மறுநாள் கம்பு நட அவரே கூட நின்றார்.

ஆகாயவிலை கொடுத்து செட் வாங்க வேண்டாம். ஒரு இஞ்ச் பிவிசி பைப்பை மீட்டர் அளவில் வெட்டி, கம்பித் துண்டை மண்ணில் அடித்து, அதன்மேல் பைப்பைச் செருகினால் போதும். கம்பி பைப்புக்கு வெளியே நீட்டக் கூடாது, கண்ணில் குத்திவிடும். இடைவெளி 60 சென்டிமீட்டர், 12 கம்புக்கு மொத்தம் 6.6 மீட்டர். இந்த அளவை மாற்றாதீர்கள், நாயின் காலடி இந்த இடைவெளிக்குத்தான் பழகும்.

ஆரம்பத்தில் நான் செய்தது தப்பு. கோழித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மூக்குக்கு முன்னால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று இழுத்துக்கொண்டே போனேன். ஒரு மாதத்தில் வரிசை முழுக்க வந்தாள், எனக்கும் ஒரே சந்தோஷம். ஆனால் அவள் பார்த்தது என் கையை, கம்பை ஒருநாளும் பார்க்கவில்லை. நான் ஒரு எட்டு பின்தங்கினால் நின்றுவிடுவாள், முந்தினால் பத்தாவது கம்பிலேயே வெளியே குதித்து என்னிடம் ஓடி வருவாள். ஒரு போட்டியில் இதே நடந்தது, அத்தனை பேர் நடுவில் அவள் குழம்பிப்போய் என் முகத்தைப் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

வந்ததும் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு இரண்டே கம்பில் ஆரம்பித்தேன். டூ பை டூ முறை என்பார்கள். இரண்டு கம்பும் முதலில் ஒரு வாசல் மாதிரி, நாய்க்கு எதிரே விரிந்து நிற்கும். நான் வாயைத் திறக்கவே மாட்டேன். தானாக அதற்குள் போன அந்த நொடியில் பழைய லுங்கியை முறுக்கிக் கட்டிய பந்தை அவளுக்கு முன்னால், நேர்கோட்டில் வீசுவேன். பரிசு என் கையிலிருந்து வரக்கூடாது, அவள் போகிற வழியில் விழ வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி தானாக வரும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வாசலைத் திருப்பி இரண்டு கம்பையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்து, அடுத்த ஜோடியைச் சேர்க்க வேண்டும்.

நுழைவுதான் பாதி வேலை. முதல் கம்பு எப்போதும் நாயின் இடப்பக்கம் இருக்க வேண்டும், அது விதி. எந்தத் திசையிலிருந்து ஓடி வந்தாலும் அந்த இடத்தை அவளே கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக, கடிகார முள் சுற்றுகிற மாதிரி நான் நிற்கும் இடத்தை மாற்றி மாற்றி அனுப்பினேன். வரிசையின் வலப்பக்கமும் இடப்பக்கமும் மாறி மாறி ஓடினேன். தப்பாக நுழைந்தால் திட்டு கிடையாது, பந்தும் கிடையாது, திரும்ப ஒரு தடவை, அவ்வளவுதான். ஒரு நேரத்துக்கு ஐந்து நிமிஷம்தான், அவள் இன்னும் வேண்டும் என்று துள்ளும்போதே நிறுத்திவிடுவேன்.

குட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். எலும்பு முதிராத வயசில் முதுகும் தோளும் இப்படி முறுக்கினால் பின்னால் கஷ்டம். உலக அளவிலான நாய்ச் சங்கமான எஃப்.சி.ஐ. விதிப்படி 18 மாதம் ஆகாத நாய் போட்டியில் இறங்கவே முடியாது. அதுவரை கூப்பிட்டால் வருவது, பந்தை ஆசையாக விளையாடுவது, இதையெல்லாம் பழக்கலாம். மழையும் அப்படித்தான். நம் மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, செம்மண் வழுக்கினால் அன்றைக்குப் பயிற்சியை விட்டுவிடுங்கள். வழுக்கி ஒருமுறை தோளில் பிடித்துக்கொண்டால் வாரக்கணக்கில் ஓட முடியாது.

நேற்று அவள் காலைக் கவனித்தேன். முன்பெல்லாம் முன்னங்கால் இரண்டையும் சேர்த்துத் துள்ளித் துள்ளித்தான் போவாள். இப்போது ஒரு கம்புக்கு ஒரு கால், நீந்துகிற மாதிரி மாற்றி மாற்றி வைக்கிறாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, வேகம் கூடக்கூட அவளே கண்டுபிடித்தது. கடைசிக் கம்பைத் தாண்டி பந்தைக் கவ்விக்கொண்டு, நேராகப் பால் வெட்டுகிற அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.